ஆறு நிமிடம் முந்தி ஊதிய சங்கு

பெருமதிப்பிற்குரிய மாமா ஹாஜி கஸ்மிதி அவர்களின் சமூகத்திற்கு,

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் மருமகன் வாசிஸ், தலை குனிந்து சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்கள் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. இன்று காலை நீங்கள் கோழிகளைத் திட்டியது என் வீட்டு அடுப்படி வரை கேட்டது, குரலில் ஒரு குறையும் இல்லை. அத்தையும் நலம் என்று தெரியும், கோழிகளுக்காக அவர் உங்களோடு வாதாடியதும் கேட்டது. இங்கே வினார்தியும் பிள்ளைகளும் நலம். நானும் நலம்தான். ஐந்து நாளாக எனக்குச் சளி என்று வினார்தி உங்களிடம் சொல்லி வருகிறாள் அல்லவா, அது பொய். நோன்பு நாளில் அவளைப் பொய் சொல்ல வைத்தவன் நான். இதை முதலில் ஒப்புக்கொண்டால் மற்றதை எழுதக் கை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு அடி தள்ளி இருக்கும் மாமனாருக்குக் கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நடுவில் ஒரு மூங்கில் வேலியும் ஒரு கொய்யா மரமும்தான். நேரில் சொல்ல மூன்று முறை வந்தேன் மாமா. முதல் முறை வேலி வரை வந்து திரும்பினேன். இரண்டாம் முறை நீங்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தீர்கள், அதைச் சாக்காக வைத்துத் திரும்பினேன். மூன்றாம் முறை கொய்யா மரத்தடியில் நான் நிற்பதை நீங்களே பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, கொய்யா வேணுமா?" என்று கேட்டீர்கள். நான் ஆமாம் என்றேன். நீங்கள் கம்பெடுத்து நாலு பழம் பறித்துக் கொடுத்து, "சளிக்கு ஆகாது, புள்ளைங்களுக்குக் குடு" என்றீர்கள். உச்சி வெயிலில், நோன்பு வாயோடு, நாலு கொய்யாப் பழத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்.

விஷயம் பள்ளிவாசல் பெட்டியைப் பற்றியது. மூன்று வருடம் முன்பு நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட அந்த இரும்புப் பெட்டியைச் சுமந்து வந்து, இறந்தவர்களைச் சுமக்கும் ஜனாஸாக் கட்டில் வைத்திருக்கும் பள்ளிவாசல் பின்னறையில் நான் நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். "பெட்டி ஒண்ணுதான் மாமா, ஆனா உள்ளே மூணு கம்ப்யூட்டர் இருக்கு. ஒண்ணு நோன்பு திறக்கச் சங்கு ஊதும், ஒண்ணு ஓதற புள்ளைங்க பேரை வச்சிருக்கும், ஒண்ணு சும்மா இருக்கும்" என்று பெருமையடித்தேன். நீங்கள் குனிந்து பெட்டியின் பின்பக்கமெல்லாம் பார்த்துவிட்டு, "எங்கே மூணு? ஒண்ணுதானே இருக்கு?" என்றீர்கள். உண்மையில் இருப்பது ஒன்றுதான், மற்றவை அதற்குள் இருப்பதுபோல் நடந்துகொள்பவை, மெய்நிகர் கணினி என்று பெயர் என்றேன். நீங்கள் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள்: "இல்லாத கம்ப்யூட்டருக்கு மணி எப்படித் தெரியும் மாப்பிள்ளை?"

அன்றைக்கு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். இந்தத் தொழிலில் இருபது வருடம் இருந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வியை நீங்கள் ஒரே பார்வையில் கேட்டுவிட்டீர்கள். சங்கு ஊதும் அந்தக் கணினிக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. அது பெட்டிக்குள் குடியிருக்கும் வாடகைக்காரன். ஒன்று, வீட்டுக்காரனான இரும்புப் பெட்டியிடம் மணி கேட்க வேண்டும், அல்லது இணையத்தில் இதற்கென்றே உலகத்தின் நேரத்தைப் பராமரிக்கும் இடங்களில் கேட்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. ஒவ்வொரு ரமலானுக்கும் முன்னால் நானே கையால் மணி வைத்துவிட்டுப் போய்விடுவேன். அது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் முன்னே பின்னே ஓடும். ஓடியது எனக்குத் தெரியாது. சங்கு ஊதியதும் நான் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிடுவேன். பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் துகிமான் அண்ணன் ஒலிபெருக்கி முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார், தொப்பியைச் சரிசெய்வார், மறுபடி செருமுவார். அவர் பாங்கு சொல்லத் தொடங்கும்போது தேங்காய்ப்பாலில் வாழைப்பழம் போட்ட என் கோலாக் கிண்ணம் காலியாகியிருக்கும். சில நாள் சங்குக்கு முன்னாலேயே பாங்கு சொல்லிவிடுவார். வயதாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் பன்னிரண்டாம் நோன்பன்று பகலில், அந்தக் கணினிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பிரதி எடுத்து வைக்க நினைத்தேன். பிரதி எடுக்க அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்திவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போனேன். தண்ணீர்த் தொட்டியருகே தென்னை மட்டை விழுந்து யாருடைய மோட்டார் சைக்கிள் நசுங்கியது என்று பேசிக்கொண்டிருந்ததில் ஏழு நிமிடம் ஆகிவிட்டது. திரும்பி வந்து எழுப்பினேன். அது பகல் தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி, தான் தூங்கவே இல்லை என்று சாதித்தது. விட்ட இடத்திலிருந்தே மணியை எண்ண ஆரம்பித்தது, அதை நான் கவனிக்கவில்லை. அன்று மாலை என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஃரிப் தொழுகையில் இரண்டாம் ரக்அத், எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் இருக்கும்போது, தலைக்கு மேல் சங்கு அலறியது. முன்வரிசையில் யாரோ "யா அல்லாஹ்!" என்றது தொழுகையில் சேராது என்றே நினைக்கிறேன். பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் உருண்டார்கள். அதில் இரண்டு என் பிள்ளைகள்.

தொழுகை முடிந்து நான் தலையைத் தூக்கவில்லை. நீங்கள் என் தோளில் கை வைத்து, "எந்திரமும் நோன்பு வச்சிருக்குதோ என்னவோ, மயங்கியிருக்கும்" என்றீர்கள். துகிமான் அண்ணன் வந்து, "தம்பி, தப்பு என்மேல. சங்கு ஊதறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுப் பாங்கு சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சரியான நேரத்துக்குப் பாங்கு சொன்ன மனிதர், ஏழு நிமிடம் தாமதமான சங்குக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நானும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், "பரவாயில்லைண்ணே" என்று மன்னித்து அனுப்பினேன்.

மறுநாள், பதிமூன்றாம் நோன்பு. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் இல்லாமலே இருந்திருக்கலாம். காலை ஒன்பது மணிக்கே பின்னறையில் போய் உட்கார்ந்தேன். இனி பிழையே வரக்கூடாது என்று, மணி கேட்க இரண்டு வழி இருக்கிறதே, இரண்டையும் திறந்துவிட்டேன். அதுதான் வினை. இணையம் ஒரு நேரத்தைச் சொன்னது, இரும்புப் பெட்டி ஒன்பது நிமிடம் குறைவாக இன்னொரு நேரத்தைச் சொன்னது. பெட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பாட்டரி இருக்கும், அது செத்துப்போய் எத்தனை மாதமோ, ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பெட்டிக்கு நேரம் குழம்பியிருக்கிறது. நடுவில் மாட்டிய வாடகைக்காரன் என்ன செய்வான்? இணையம் முன்னால் தள்ளும், வீட்டுக்காரன் பின்னால் இழுப்பான். திரையில் பத்து மணி பத்து நிமிடம் என்று இருக்கும், கண்ணை மூடித் திறந்தால் பத்து மணி ஒரு நிமிடம், மறுபடி பத்து மணி பதினொன்று. மாமியாருக்கும் மாமனாருக்கும் நடுவில் நிற்கும் புது மருமகன் மாதிரி அது துள்ளிக்கொண்டிருந்தது. உதாரணத்துக்குச் சொன்னேன், நம் வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

இரண்டில் யார் சொல்வது சரி என்று தெரிய மூன்றாவதாக ஒரு கடிகாரம் வேண்டும். என் கைப்பேசி கண்ணாடி உடைந்து கடைக்குப் போயிருந்தது. கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் எனக்கு இல்லை. பின்னறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் உங்கள் வீட்டு அடுப்படி. அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "அத்தை, மணி என்ன?" என்று கத்தினேன். அவர் கூடத்துக் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பத்து இருபது!" என்று கத்தினார். திரையில் அப்போது இணையம் சொன்னது பத்து பதினான்கு. பெட்டி சொன்னது பத்து ஐந்து. நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா மாமா? இரண்டு பேருமே பொய்யர்கள் என்று முடிவு செய்தேன். உலகத்துக்கே நேரம் சொல்வதற்காக இரவும் பகலும் விழித்திருப்பவர்களைத் தள்ளிவிட்டு, தேங்காய் மூடியைக் கையில் வைத்திருந்த அத்தையை நம்பினேன். கோபத்தில் இரண்டு வழியையும் அடைத்தேன். வீட்டுக்காரனை மட்டும் அடைத்திருந்தால் போதும், எல்லாம் அன்றைக்கே சரியாகியிருக்கும். "இனிமே நீ என் பேச்சைத்தான் கேக்கணும்" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லி, பத்து இருபது என்று அடித்து வைத்தேன்.

உங்கள் கூடத்துக் கடிகாரம் ஆறு நிமிடம் வேகம். இந்த வீட்டுக்கு மருமகனாக வந்த பதினோரு வருடத்தில் முதல் வாரத்திலேயே நான் தெரிந்துகொண்ட செய்தி அது. நீங்கள் ஜமாஅத் கூட்டத்துக்குத் தாமதமாகப் போகக்கூடாது என்று அத்தைதான் முள்ளைத் தள்ளி வைத்தார், நீங்களும் அது தெரிந்து ஆறு நிமிடம் கழித்தே கிளம்புவீர்கள், அதனால் நீங்கள் தாமதமாகப் போவது எப்போதும்போல் நடக்கிறது. வீட்டுக்குள் இருந்தால் நானும் தானாகவே ஆறு கழித்துவிடுவேன். அன்றைக்கு ஜன்னல் வழியாக, ஜனாஸாக் கட்டிலின் மேல் ஏறி நின்று கேட்டதில் கழிக்க மறந்துவிட்டேன். அத்தைமேல் ஒரு குற்றமும் இல்லை. கடிகாரத்தின்மேலும் இல்லை.

அன்று சூரியன் மறைந்து நோன்பு திறக்க வேண்டிய நேரம் ஐந்து நாற்பத்தெட்டு. சங்கு ஊதியது ஐந்து நாற்பத்திரண்டுக்கு. நோன்பு அட்டவணையில் எச்சரிக்கைக்காக இரண்டு நிமிடம் கூட்டித்தான் போட்டிருப்பார்கள், அதைக் கழித்தாலும் நாலு நிமிடம் சூரியன் இருந்திருக்கிறான். பள்ளிவாசல் முற்றத்தில் அறுபத்து மூன்று பேர். எண்ணிக்கை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்குத் தேநீர் ஊற்றியவன் நான். சங்கு ஊதியது, அறுபத்து மூன்று கிளாஸும் ஒரே நேரத்தில் மேலே போயின. நேற்றைய அவமானம் நீங்கிவிட்டது என்று எனக்குக் கண்ணீரே வந்தது. நீங்கள் கிளாஸை உதட்டில் வைத்தபடி என்னைப் பார்த்துத் தலையசைத்து, "ம், சாப்பிடு மாப்பிள்ளை, சாப்பிடு" என்றீர்கள். நான் சாப்பிட்டேன். மூன்று பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் கோலாக், சோயாக்கட்டித் தெம்பே பொரித்தது இரண்டு. துகிமான் அண்ணனுக்கு அன்றைக்குத் தொண்டை ரொம்பவே கரகரத்தது. செருமினார், தொப்பியைக் கழற்றி உதறினார், ஒலிபெருக்கியைத் தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பார்த்தார், கம்பியை ஆட்டினார். ஒலிபெருக்கியையும் நான் கவனிக்க வேண்டும் போலிருக்கிறதே என்று நினைத்தபடி மூன்றாவது தெம்பேயை எடுத்தேன்.

மறுநாள் காலை கைப்பேசி கடையிலிருந்து வந்தது. பெட்டிக்கு முன்னால் அதை வைத்துப் பார்த்தேன். ஆறு நிமிட வித்தியாசம். முதலில் கைப்பேசிமேல் சந்தேகப்பட்டேன், கடைக்காரன் ஏதோ செய்துவிட்டான் என்று திட்டினேன். பிறகுதான் தேங்காய் துருவும் சத்தம் நினைவுக்கு வந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அது ஜனாஸாக் கட்டில் என்று அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது.

இப்போது எந்திரம் சரியாக இருக்கிறது. புதுப் பாட்டரி போட்டேன், வீட்டுக்காரன் இணையத்தைக் கேட்கிறான், வாடகைக்காரன் வீட்டுக்காரனை மட்டும் கேட்கிறான், ஒருவனுக்கு ஒரே எஜமான். ஒரு நொடிகூடப் பிசகவில்லை. ஆனால் பதிமூன்றாம் நோன்பை நான் எப்படித் திருத்துவேன்? மற்றவர்களை விடுங்கள், நீங்கள் ஒன்பது வயதில் நோன்பு பிடிக்கத் தொடங்கி அறுபத்தைந்து ரமலான் பார்த்தவர். டைபாய்டு வந்த வருடம் விட்டதைக்கூட அடுத்த மாதம் ஷவ்வாலிலேயே பிடித்து முடித்தவர். ஒன்றுகூட பாக்கி இல்லை என்று நீங்கள் பெருமைக்குச் சொன்னதில்லை, ஊர் சொல்லும். அந்தக் கணக்கை ஆறு நிமிடத்தில் உடைத்தவன், நீங்கள் சபையில் எழுந்து நின்று "இனிமே நேரத்தை என் மாப்பிள்ளை பாத்துக்குவாரு" என்று சொன்ன அதே மாப்பிள்ளை.

அன்றிலிருந்து நான் பக்கத்து ஊர் சும்பர்வாருவுக்குப் போய்த் தொழுகிறேன். அங்கே மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாதிடம், என் நண்பன் ஒருவனுக்கு இப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சூரியன் மறையறதுக்கு முன்னாடி சாப்பிட்டவங்க அந்த ஒரு நாளைக் கழாவா இன்னொரு நாள் திரும்பப் பிடிக்கணும். உங்க நண்பரை ஊர்ல சொல்லச் சொல்லுங்க. சொல்லலேன்னா அத்தனை பேர் நோன்பும் அவர் கழுத்துல" என்றார். நான் எழுந்தபோது, "அந்த நண்பரோட மாமனார் ஹாஜி கஸ்மிதிக்கு என் சலாம் சொல்லுங்க" என்றும் சொன்னார்.

பெருநாள் காலையில் நாங்கள் எல்லோரும் வரிசையாக வந்து உங்கள் முழங்காலில் நெற்றியை வைத்து, தெரிந்தும் தெரியாமலும் செய்ததையெல்லாம் மன்னியுங்கள் என்று கேட்போம். நீங்கள் தலையைத் தடவி, சரி சரி, எழுந்திரு என்பீர்கள். இதை மறைத்துக்கொண்டு அந்த வரிசையில் என்னால் முழந்தாளிட முடியாது மாமா. அதனால்தான் முன்கூட்டியே எழுத்தில் நெற்றியை வைக்கிறேன். அறுபத்து மூன்று பேருக்கும் எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் வழி காட்ட வேண்டும். சபையில் நிற்கச் சொன்னால் நிற்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்றால் போகிறேன். உங்கள் உடம்புக்கும் அத்தையின் முழங்கால் வலிக்கும் துஆ செய்கிறேன். கோழிகளிடம் கொஞ்சம் தயவாக இருங்கள். கூடத்துக் கடிகாரத்தை மாற்றிவிடாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
முகம் காட்ட வெட்கப்படும் மருமகன்
வாசிஸ்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைப் பச்சரிசிக் கஞ்சிப் பாத்திரத்துக்கு அடியில் வைத்து உங்களிடம் கொடுக்கும்படி வினார்தியிடம் தந்தேன். அவள் பிரித்துப் படித்துவிட்டாள். படித்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தாள். "ஏங்க, அப்பா அன்னிக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலைங்க. கிளாஸை உதட்டுல வச்சாரு, அவ்வளவுதான்" என்றாள். முதல் வருடமே பெட்டி இரண்டு நிமிடம் முந்தி ஊதியதை நீங்கள் துகிமான் அண்ணனின் கைக்கடிகாரத்தில் பார்த்துவிட்டு, நான் இல்லாத நேரத்தில் ஜமாஅத்தைக் கூட்டி, "சங்கு ஊதினா எல்லாரும் கிளாஸைத் தூக்கிடுங்க. துகிமான் பாங்கு சொன்னப்புறம் குடிங்க. மாப்பிள்ளை ஆசையா செஞ்சிருக்காரு, மனசு நோகக்கூடாது" என்று சொன்னீர்களாமே. மூன்று வருடமாக ஊரே அப்படித்தான் செய்கிறதாமே. "அப்போ நீ வீட்டுல?" என்று கேட்டேன். "நானும் பாங்குக்குத்தான்" என்றாள். "புள்ளைங்க?" என்றேன். "அவங்களுக்கும் தெரியும்" என்றாள்.

ஆக, அறுபத்து மூன்று பேரில் அன்றைக்கு நோன்பு முறிந்தது ஒருவனுக்கு மட்டும். ஷவ்வாலில் அதை நான் பிடித்துவிடுகிறேன். கடிதத்தைத் திருப்பிக் கொடு என்று கெஞ்சினேன், வினார்தி தர மறுக்கிறாள், இந்தப் பின்குறிப்பைக்கூடத் தனித் தாளில் எழுதித்தான் அதோடு சேர்க்கச் சொல்கிறேன். ஆகவே மாமா, இதைப் படித்த பிறகு படிக்காதது போலவே இருந்துவிடுங்கள், அதில் உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. இன்று மாலை பள்ளிவாசலுக்கு வருகிறேன், சளி விட்டுவிட்டது. சங்கு சரியாக ஐந்து நாற்பத்தேழுக்கு ஊதும், நொடி பிசகாது. நானும் எல்லோரோடும் சேர்ந்து கிளாஸைத் தூக்கி, துகிமான் அண்ணன் செருமி முடிக்கும்வரை அதை உதட்டிலேயே வைத்திருப்பேன்.